மடியில் தொடங்கும் படிப்பு

(நமது கூட்டமைப்பின் பத்தாம் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மா. சமையல், ரெண்டு மாடு, குழுவோட கணக்கு நோட்டு, இதோட என் பொழுது போயிடும். மேடையில பேசிப் பழக்கமில்ல. போன வருஷம் வட்டார அளவில் நடந்த குழந்தை வளர்ப்புப் பயிற்சிக்கு கூட்டமைப்பு என்னை அனுப்பி வச்சது. அங்க கேட்டதை நோட்டுல எழுதி வச்சிருக்கேன். அதையும், நம்ம ஊர்ல கண்ணால பார்த்ததையும் சேர்த்துச் சொல்லச் சொன்னாங்க. தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

1989-ல் தருமபுரி மாவட்டத்துல முதல்முதலா நம்ம மாதிரி குழுக்கள் ஆரம்பிச்ச காலத்துலருந்து நாம பேசுறது எல்லாம் சேமிப்பு, உள்கடன், வட்டி, தவணை. இன்னைக்கு நான் பேசப் போறது பிறந்த குழந்தையைப் பத்தி. பிறந்த குழந்தைகிட்ட அம்மா பேசுறதுக்கும், சிரிக்கிறதுக்கும், அந்தப் பிள்ளை பின்னால பள்ளிக்கூடத்துல படிக்கிறதுக்கும் சம்பந்தம் இருக்கா? இருக்குன்னு நான் தெரிஞ்சுக்கிட்டேன். அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்திருக்கேன்.

நம்ம வீடுகள்ல என்ன சொல்லுவாங்க? "பச்சைப் புள்ளைக்கு என்ன தெரியும், அதுகிட்ட என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு"ம்பாங்க. அதிகமா கொஞ்சினா "பெத்தவ கண்ணே பட்டுடும்"னு சொல்றவங்களும் இருக்காங்க. அத்தைமார் யாரும் கோவிச்சுக்காதீங்க. பச்சைக் குழந்தைக்கு நாம நினைக்கிறதை விட நிறையத் தெரியுது.

வயித்துல இருக்கும்போதே, கடைசி மாசங்கள்ல, குழந்தைக்குக் காது கேட்குது. 1980-ல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர்னு ரெண்டு பேர் ஒரு சோதனை செஞ்சாங்க. பிறந்து 3 நாளுக்குள்ள இருந்த குழந்தைகள் வாயில ரப்பர் காம்பைக் கொடுத்தாங்க. ஒரு விதமா சப்பினா பெத்த அம்மாவோட குரல் கேட்கும். வேற விதமா சப்பினா வேற ஒரு பொம்பளையோட குரல் கேட்கும். குழந்தைகள் அம்மா குரல் வர்ற மாதிரியே சப்பிக்கிட்டு இருந்ததாம். 3 நாள் குழந்தைக்கே அம்மா குரல் எதுன்னு தெரியுது பாருங்க.

கண்ணும் அப்படித்தான். பிறந்த குழந்தைக்கு தூரத்துல இருக்கிறது தெளிவாத் தெரியாது. 20-லருந்து 30 சென்டிமீட்டர் தூரத்துல இருக்கிறதுதான் நல்லாத் தெரியும். மடியில படுத்துப் பால் குடிக்கிற பிள்ளைக்கும் நம்ம முகத்துக்கும் கிட்டத்தட்ட அந்த தூரம்தான் இருக்கும். பால் குடிக்கும்போதே அது நம்ம முகத்தைப் படிக்குது.

மூளையைப் பத்தியும் சொன்னாங்க. பிறக்கும்போது குழந்தையோட மூளை, பெரியவங்க மூளையில ஏறக்குறைய கால் பங்கு எடைதான். ரெண்டு வயசு ஆகுறப்போ முக்கால் பங்குக்கு வந்துடுது. இந்த வேகம் அப்புறம் எந்தக் காலத்துலயும் வராது. அந்தச் சமயத்துல மூளைக்குள்ள நரம்புகளுக்கு நடுவுல லட்சம் கோடிக்கணக்குல இணைப்பு உண்டாகுது. திரும்பத் திரும்பப் பயன்படுற இணைப்பு உறுதியாகும், பயன்படாதது அழிஞ்சு போகும். வயக்காட்டுல ஆள் நடக்க நடக்க ஒத்தையடிப் பாதை விழுற மாதிரி. ரெண்டு வயசு தாண்டிட்டா எல்லாம் போச்சுன்னு இதுக்கு அர்த்தமில்ல. பிள்ளைங்க எந்த வயசுலயும் கத்துக்கும். ஆனா அடித்தளம் போடுற காலம் அதுதான். அந்தக் காலத்துல பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இல்ல, நம்ம மடியிலதான் இருக்கு.

இங்க ஒண்ணு முக்கியம். குழந்தைகிட்ட பேசுறதுன்னா நாம மட்டும் விடாம பேசிக்கிட்டே இருக்கிறது இல்ல. அதுக்கும் வாய்ப்புக் கொடுக்கணும். ரெண்டு மாசக் குழந்தை "ங்கா"ன்னு சொல்லும். "என்னடா தங்கம், பசிக்குதா?"ன்னு கேட்டுட்டு நாம கொஞ்சம் நிறுத்தணும். கையக் கால ஆட்டிட்டு அது மறுபடியும் "ங்கா"ன்னு சொல்லும். மறுபடி நாம பதில் சொல்லணும். நம்ம காதுக்கு அது வெறும் சத்தம். குழந்தைக்கு அதுதான் பேச்சு. "நான் ஒண்ணு செஞ்சா எதிர்ல இருக்கிறவங்க ஒண்ணு செய்றாங்க"ன்னு அது முதல்ல கத்துக்கிறது அங்கதான். ஆறேழு மாசத்துல "பாபா, மாமா"ன்னு சொல்லும். ஒரு வயசு நெருங்கும்போது காக்காவைக் கை காட்டும். அந்த நேரம் "ஆமா, காக்கா, பறந்து போச்சு பாத்தியா"ன்னு சொன்னா, அந்தச் சொல் பிள்ளை மனசுல ஒட்டிக்கும். அது எதைப் பார்க்குதோ அதுக்குப் பேர் சொல்லணும்.

அதனாலதான் போன் கொடுத்து குழந்தையைச் சும்மா இருக்க வைக்க வேண்டாம்னு சொல்றாங்க. போனும் டிவியும் நல்லாப் பேசும், பாடும். ஆனா குழந்தை "ங்கா" சொன்னா அதுக்கு நின்னு பதில் சொல்லாது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன வழிகாட்டுதல்படி 2 வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கு டிவி, போன் கூடாது. 2-லருந்து 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல கூடாது, குறைவா இருந்தா இன்னும் நல்லது.

பயிற்சியில இன்னொரு சோதனையைப் பத்திச் சொன்னாங்க. கேட்டப்போ எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அமெரிக்காவில் எட்வர்ட் டிரானிக்னு ஒரு மனநல ஆய்வாளர் 1970-களில் செஞ்சது. அம்மா முதல்ல குழந்தையோட எப்பவும் போல சிரிச்சு விளையாடணும். அப்புறம் கொஞ்ச நேரம் முகத்தைக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டு குழந்தையைச் சும்மா பார்க்கணும். திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, அங்க இங்க போகவும் கூடாது. அவ்வளவுதான். குழந்தை முதல்ல சிரிச்சுப் பார்க்கும். கையை நீட்டும். சத்தம் போடும். அம்மா முகம் மாறலைன்னதும் வேற பக்கம் திரும்பிக்கும், கடைசியில அழும். ரெண்டு மூணு நிமிஷத்துலயே இவ்வளவும் நடக்குது. அம்மா மறுபடி சிரிச்சா குழந்தையும் மெல்ல மெல்லத் திரும்பி வந்துடுது. அதனால ஒரு நாள் நமக்கு அலுப்பா இருந்து பேசாம இருந்துட்டோமேன்னு யாரும் பயப்பட வேண்டியதில்ல. நாள்கணக்கா, மாசக்கணக்கா பதில் வராம போறதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

"அந்த நேரத்துல அழுறது சரி, வளர்ந்த பிறகு படிப்புக்கும் இதுக்கும் என்ன?"ன்னு நீங்க கேட்கலாம். நானும் பயிற்சியில அதையேதான் கேட்டேன். அதுக்கு ஜமைக்கா நாட்டுக் கதையைச் சொன்னாங்க. கிரிக்கெட் பார்க்கிற நம்ம வீட்டு ஆம்பிளைங்களுக்கு அந்த ஊர் பேர் தெரியும். அதோட தலைநகரம் கிங்ஸ்டன். அங்க 1986, 87-ல் ஏழைக் குடும்பங்கள்ல வயசுக்கேத்த உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கிட்டாங்க. எல்லாம் 9 மாசத்துலருந்து 2 வயசுக்குள்ள இருந்த குழந்தைகள். சாலி கிராந்தம் மெக்ரெகர்னு ஒரு டாக்டரம்மாவும் அவங்களோட இருந்தவங்களும் அந்தக் குழந்தைகளை நாலு பிரிவாப் பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு வாரம் 1 கிலோ பால் மாவு. இன்னொரு பிரிவுக்கு வாரம் 1 மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து, குழந்தையோட எப்படிப் பேசுறது, எப்படி விளையாடுறதுன்னு அம்மாவுக்குக் காட்டிக் கொடுப்பாங்க. மூணாவது பிரிவுக்கு ரெண்டும் உண்டு. நாலாவது பிரிவுக்கு ரெண்டும் இல்ல. 2 வருஷம் இது நடந்தது.

விளையாட்டுச் சாமான் எதுவும் காசு போட்டு வாங்கினது இல்ல. வீட்ல வீணாப் போற டப்பா, மூடி, துணி இதுலருந்து செஞ்சதுதான். இந்த வாரம் ஒண்ணைக் கொடுத்துட்டுப் போவாங்க, அடுத்த வாரம் வந்து மாத்திக் கொடுப்பாங்க.

2 வருஷ முடிவுல பால் மாவு வாங்கின பிள்ளைகளும் முன்னேறியிருந்தாங்க, விளையாட்டுச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளும் முன்னேறியிருந்தாங்க. ரெண்டும் கிடைச்ச பிள்ளைகள் எல்லாரையும் விட நல்லா இருந்தாங்க. ஆனா கதை அங்க முடியல. அந்தப் பிள்ளைகளைப் பல வருஷமாத் தொடர்ந்து பார்த்துக்கிட்டே இருந்தாங்க. 17 வயசுல பார்த்தப்போ, அம்மாவோட பேசி விளையாடின பிள்ளைகள் வாசிப்புலயும் புத்திக்கூர்மையிலயும் மத்தவங்களை விட மேல இருந்தாங்க. பால் மாவு மட்டும் வாங்கினவங்களுக்கு அந்தப் பலன் அந்த அளவு நிலைக்கல. 22 வயசுல 129 பேர்ல 105 பேரைத் தேடிப் பிடிச்சுப் பார்த்தாங்க. விளையாட்டுப் பிரிவுல இருந்தவங்க சம்பளம் மத்தவங்களை விட 25 சதவீதம் அதிகமா இருந்தது. குழு நடத்துற நமக்குக் கணக்கு தெரியும். 100 ரூபா வாங்குற இடத்துல 125 ரூபா. அதுக்குப் போட்ட முதல், வாரம் 1 மணி நேரம்.

இதுக்காக சாப்பாடு வேண்டாம்னு யாரும் நினைச்சுக்கக் கூடாது. தாய்ப்பாலும் வேணும், அங்கன்வாடியில கொடுக்கிற சத்துமாவும் வேணும், தடுப்பூசியும் வேணும். ஊட்டும்போது வெறுமனே வாயில திணிக்காம, பிள்ளை முகத்தைப் பார்த்து ரெண்டு வார்த்தை பேசி ஊட்டினா சோறும் இறங்கும், புத்தியும் வளரும்.

ஜமைக்காக்காரங்க சொல்லித்தான் இது நமக்குத் தெரியணும்னு இல்ல. நம்ம பாட்டிமாருக்கு இது கைவந்த கலை. உள்ளங்கையில முழங்கையை வச்சுப் பருப்பு கடைஞ்சு, விரல் விரலா மடக்கி வீட்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் சோறு பங்கு வச்சு, கடைசியில கையில விரலை ஊர விட்டு அக்குள்ல கிச்சுக்கிச்சு மூட்டுவாங்க. அடுத்தது கிச்சுக்கிச்சுதான்னு குழந்தைக்கு முன்கூட்டியே தெரிஞ்சு, தொடுறதுக்கு முன்னாலயே சிரிக்க ஆரம்பிச்சிடும். எதுக்கு அப்புறம் எது வரும்னு யோசிக்கிறதும் ஒரு படிப்புதானே. பள்ளிக்கூடத்துல பிள்ளைத்தமிழ்னு படிச்சிருப்போம். அஞ்சாம் மாசத்துல தலையசைச்சு ஆடுறது செங்கீரை, ஒன்பதாம் மாசத்துல கை தட்டுறது சப்பாணி, நிலாவை விளையாடக் கூப்பிடுறது அம்புலின்னு பருவம் பருவமாப் பிரிச்சு வச்சிருக்காங்க. பெரியவங்க அந்தக் காலத்துலயே குழந்தையை எவ்வளவு உத்துப் பார்த்திருக்காங்க!

"எல்லாம் சரி, எங்களுக்கு நேரம் எங்க இருக்கு?"ன்னு நீங்க கேட்கிறது எனக்குப் புரியுது. காலையில பால் பீச்சணும், சோறாக்கணும், ஒன்பது மணிக்கு வேலைத்தளத்துல நிக்கணும். இதுக்குன்னு தனியா நேரம் ஒதுக்க வேண்டாம். எண்ணெய் தேய்க்கும்போது "இது கை, இது காலு"ன்னு சொல்லலாம். குளிப்பாட்டும்போது தண்ணியைக் காட்டலாம். காய் நறுக்கும்போது பக்கத்துல உட்கார வச்சு ஒரு முருங்கைக்காயைக் கையில கொடுக்கலாம். காலி பவுடர் டப்பாவுல நாலு புளியங்கொட்டை போட்டா கிலுகிலுப்பை ஆயிடும். மூடியை மட்டும் திறக்க முடியாதபடி இறுக்கி ஒட்டிடணும், கொட்டை வாய்க்குப் போயிடக் கூடாது. அப்பாவும் பேசலாம், தாத்தா பாட்டியும் பேசலாம். அம்மா ஒருத்திதான் செய்யணும்னு எங்கயும் சொல்லல.

இப்ப நான் சொல்லப் போறதுதான் முக்கியம். இதைச் சொல்லச் சம்மதிச்ச என் குழுத் தங்கச்சிக்கு முதல்ல நன்றி.

எங்க குழுவில 12 பேர். ரெண்டு வருஷத்துக்கு முன்னால, பிள்ளை பெத்து நாலு மாசம் ஆன ஒரு தங்கச்சி தொடர்ந்து ரெண்டு கூட்டத்துக்கு வரல. தவணையும் வரல. எங்க குழு விதிப்படி அபராதம் உண்டு. என்னன்னு கேட்டு, தவணையும் வாங்கிட்டு வரலாம்னு ஊக்குநர் அக்காவும் நானும் அவ வீட்டுக்குப் போனோம். அவ சுவத்துல சாஞ்சு உட்கார்ந்திருந்தா. தலை வாரல. "சாப்பிட்டியாம்மா?"ன்னு அக்கா கேட்டாங்க. "தெரியலக்கா"ன்னு சொன்னா. குழந்தை தூளியில முழிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு, அழல. நான் குனிஞ்சு சிரிச்சேன். என் முகத்தைப் பார்க்காம தூளிச் சேலையையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. தவணையைப் பத்திக் கேட்க எங்களுக்கு வாய் வரல.

அவ வீட்டுக்காரர் திருப்பூர்ல வேலை. மாசம் ஒரு தடவைதான் வருவார். பெத்த அம்மா உயிரோட இல்ல. "வேலைக்குச் சோம்பல், வேற ஒண்ணுமில்ல"ன்னு அக்கம்பக்கத்துல பேச்சு. கிராம செவிலியர் அம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டினோம். அவங்க சொல்லி டாக்டர்கிட்ட போனோம். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு இது, சரி பண்ணக்கூடிய நோய்தான்னு டாக்டர் சொன்னார். மருந்து கொடுத்தார். நாங்க எங்களால முடிஞ்சதைச் செஞ்சோம். தினமும் பதினொரு மணிக்கு ஒருத்தர் முறை வச்சுப் போனோம். ஒருத்தி அவளுக்குத் தலை வாரி சாப்பிட வைப்பா. இன்னொரு நாள் போறவ, அவளைத் தூங்கச் சொல்லிட்டு அவ பக்கத்துலயே குழந்தையை வச்சுப் பேச்சுக் கொடுப்பா. அவ மாமியாரும் நாளாக நாளாக எங்களோட சேர்ந்துக்கிட்டாங்க.

குழுவுல இதுக்கு எதிர்ப்பும் வந்துச்சு. "ஒருத்திக்குத் தவணையைத் தள்ளி வச்சா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க"ன்னு சொன்னாங்க. நியாயமான பேச்சுதான். ரெண்டு கூட்டம் இதையே பேசினோம். கடைசியில மூணு மாசத் தவணை தள்ளி வைக்கிறதுன்னும், அபராதம் இல்லைன்னும் தீர்மானம் போட்டோம். பிறகு அவ ஒரு ரூபா பாக்கி இல்லாம கட்டி முடிச்சா. அந்தப் பையனுக்கு இப்ப ரெண்டரை வயசு. அங்கன்வாடி வாசல்ல நின்னுக்கிட்டுப் போறவங்க வர்றவங்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுறான்.

நம்ம நாட்டுல நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தா, பிள்ளை பெத்த 5 பேர்ல ஏறக்குறைய ஒருத்திக்கு இந்த மனச்சோர்வு வருதாம். இங்க இருக்கிற ஒவ்வொரு குழுவிலயும் யாருக்காவது இது வந்திருக்கும், வெளியில சொல்லியிருக்க மாட்டாங்க. பாகிஸ்தான்ல ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்கள்ல, பள்ளிப் படிப்பு மட்டும் படிச்ச பெண் சுகாதாரப் பணியாளர்கள் இப்படிப்பட்ட தாய்மார்களோட வீட்டுக்குப் போய் முறையாப் பேசிப் பேசியே பாதிப் பேருக்கு மேல குணமாக்கியிருக்காங்க. 2008-ல் அந்த முடிவு வெளியாச்சு. அந்த வீடுகள்ல அம்மாவும் அப்பாவும் குழந்தையோட விளையாடுற நேரமும் கூடியிருந்துச்சாம். அவங்களும் நம்மளை மாதிரிப் பொம்பளைங்கதான். பட்டம் படிச்சவங்க இல்ல.

அதனால, "குழந்தையோட பேசும்மா"ன்னு தாய்க்குப் புத்தி சொல்றதோட நம்ம வேலை முடியாது. அந்தத் தாயோட பேச ஆள் இருக்கான்னு பார்க்கணும். தாய்க்குப் பேச்சுத் துணை இருந்தாத்தான் குழந்தைக்குப் பதில் கிடைக்கும்.

கூட்டமைப்புக்கு மூணு கோரிக்கை வைக்கிறேன்.

ஒண்ணு, பிரசவம் ஆன உறுப்பினருக்கு ஆறு மாசத்துக்கு வருகை அபராதம் வேண்டாம். கூட்டத்துக்கு வரலைன்னா ரெண்டு பேர் வீட்டுக்குப் போய், முதல்ல "சாப்பிட்டியா, தூங்கினியா"ன்னு கேட்கணும். தவணையை அப்புறம் கேட்கலாம். தேவைப்பட்டா செவிலியர்கிட்ட சொல்லணும். 14416-ங்கிற எண்ணுக்குப் போன் பண்ணினா மனநல ஆலோசனை இலவசமாக் கிடைக்கும். அந்த எண்ணை எல்லாக் குழு நோட்டுலயும் முதல் பக்கத்துல எழுதி வைக்கணும்.

ரெண்டு, கைக்குழந்தை இருக்கிற உறுப்பினர்களுக்குக் குழுக் கூட்டத்துல 15 நிமிஷம் ஒதுக்கணும். பாட்டிமார் விளையாட்டைச் சொல்லிக் கொடுக்கட்டும், இளசுகள் டப்பாவுல கிலுகிலுப்பை செய்யட்டும்.

மூணு, 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்துலயே ஒண்ணு எழுதியிருந்துச்சு. வேலைத்தளத்துக்கு 6 வயசுக்கு உட்பட்ட குழந்தைகள் 5 பேரோ அதுக்கு மேலயோ வந்தா, அவங்களைப் பார்த்துக்க ஒரு பெண்ணை நியமிச்சு, அவங்களுக்கும் அதே கூலி கொடுக்கணும்னு இருந்துச்சு. வெயில்ல மரத்தடியில குழந்தையைத் தனியாக் கிடத்திட்டு மண் அள்ளின நம்மள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? வேலைத்தளத்துல குழந்தையைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணும்னு அடுத்த கிராம சபையில எல்லாக் குழுவும் சேர்ந்து எழுதிக் கொடுப்போம். அப்படிப் பார்த்துக்கிற பெண்ணுக்கு, குழந்தையோட பேசி விளையாடுறது எப்படின்னு சொல்லிக் கொடுக்க நான் வர்றேன். எனக்குக் கூலி எதுவும் வேண்டாம்.

இந்த மூணையும் தீர்மானமா எடுத்துக்கிட்டா, அடுத்த ஆண்டு விழா மலர்ல எத்தனை லட்சம் கடன் கொடுத்தோம்னு போடுற பக்கத்துலயே, எத்தனை தாய்மாரை வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம்னும் ஒரு வரி போடலாம்.